உருண்டை வரவில்லை

நகர வடிகால் வாரியத்தின் பார்வையில், ஒரு வீட்டில் தண்ணீர் தேங்குவதும் அடைப்பு இருப்பதும் ஒன்றல்ல. தேங்குவது வீட்டுக்காரர் கண்ணால் பார்ப்பது. அடைப்பு, வாரியம் சோதித்துச் சொல்வது. முன்னது புலம்பல், பின்னது உண்மை. இந்த வித்தியாசம் தெரியாமல்தான் கண்ணாடிக்காரர் வாரிய அலுவலகத்தின் படியேறினார்.

கண்ணாடிக்காரர் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் பார்வை சோதிப்பவர். 'இது தெளிவா இருக்கா, முன்ன போட்டது தெளிவா இருந்துச்சா' என்று நாள் முழுக்க மற்றவர்களைக் கேட்டுக் கேட்டு, கோபப்படுவதற்கு முன்கூட ஒரு முறை சரிபார்த்துக்கொள்ளும் பழக்கம் வந்துவிட்டவர். அவருடைய வீட்டில் கீழே ஒரு கூடம், ஒரு சமையலறை, ஒரு குளியலறை. மேலே போகும் படிகள் ஏணிக்குத் தம்பி. வீட்டை வாங்கிக் குடிவந்த காலத்திலிருந்தே அந்தக் கீழ்க் குளியலறையில் தண்ணீர் தேங்கும். குழாய்க்காரர் வருவார், வடிகால் வாய்க்குள் கம்பிச் சுருளை விட்டுக் குடைவார், ஒரு கொத்து முடியை இழுத்துப் போடுவார், தண்ணீர் போகும். சில வாரங்கள் கழித்து மறுபடி தேங்கும்.

அந்த முடி யாருடையது என்பது வீட்டில் நெடுநாளாகத் தீராத வழக்கு. கண்ணாடிக்காரரின் நெற்றி உச்சந்தலை வரை நீண்டிருந்ததால் அவர்மீது யாருக்கும் சந்தேகம் எழவில்லை. "இருந்ததெல்லாம் அதுக்குள்ளதான போயிருக்கு" என்று அவர் மனைவி சொல்லும்வரை.

மூன்றாவது ஆள் கண்ணாடிக்காரரின் அக்கா. பேருந்து நிலையத்தில் ஒலிபெருக்கியில் அறிவிப்புச் சொல்லி ஓய்வு பெற்றவர். ஓய்வு அவருக்குத்தான், குரலுக்கு இல்லை. சாப்பாடு ஆறுகிறது என்று அவர் கூடத்திலிருந்து சொன்னால் பக்கத்து வீட்டுக்காரர்களும் எழுந்து கை கழுவுவார்கள். ஒரு நாள் காலையில், தேங்கிய தண்ணீரில் வழுக்கி அக்கா விழுந்தார். அன்று அவர் போட்ட சத்தம், அவர் பணிக்காலத்தில் போட்ட எதையும்விடத் தெளிவானது.

இடுப்பு எலும்பு. அறுவை சிகிச்சை நன்றாக முடிந்தது. ஆனால் மருத்துவமனையில் நடை பழக்கும் பெண் கண்ணாடிக்காரரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

"வீட்டுக்கு அனுப்பணும்னா கீழயே குளியலறை வேணுங்க. தண்ணி நிக்கக் கூடாது. நானே வந்து பாப்பேன். இல்லன்னா ஊருக்கு வெளிய இருக்கிற தேறுதல் இல்லத்துக்குத்தான் அனுப்புவோம்."

அக்காவுக்குத் தேறுதல் இல்லத்தைப் பற்றி அபிப்பிராயம் இருந்தது. அவருடன் வேலை பார்த்த ஒருவரை அங்கே போய்ப் பார்த்திருக்கிறார்.

"பேருதான்டா தேறுதல். எல்லாரையும் வரிசையா சுவத்தைப் பாத்து உக்கார வெச்சிருக்காங்க. அவங்களும் தேறிக்கிட்டே இருக்காங்க, யாரும் தேறி வெளிய வந்து நான் பாக்கல. என்னை மட்டும் அங்க அனுப்பிடாத தம்பி."

கண்ணாடிக்காரர் அனுப்பமாட்டேன் என்று சொன்னார். அவர் சிறுவனாக இருந்தபோது காய்ச்சல் வந்தால் பக்கத்தில் உட்கார்ந்து, ஊர்ப் பெயர்களை வரிசையாக ராகம் போட்டுச் சொல்லித் தூங்கவைத்தவர் அக்கா. அந்த வாக்கைக் காப்பாற்ற அவர் முதலில் கூப்பிட்டது குழாய்க்காரரை.

குழாய்க்காரர் கம்பியை விட்டுப் பார்த்து, கையைத் துடைத்துக்கொண்டார். "இது என் எல்லை தாண்டிப் போயிடுச்சுங்க. குழாய் வாசலுக்கு அந்தப் பக்கம் தெருவுக்குள்ள இறங்குது. அங்கதான் ஏதோ இருக்கும்போல. வாரியம்தான் பாக்கணும்."

அப்படித்தான் அவர் படியேறினார்.

வாரியம் தாமதிக்கவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். மறுநாளே ஒருவர் வந்து குளியலறைக் கதவில் சிவப்பு வில்லை ஒன்றை ஒட்டினார். இந்த வடிகால் வாரியத்தின் சோதனையில் உள்ளது, வேறு எவரும் கை வைக்கக் கூடாது என்று அதில் இருந்தது. குழாய்க்காரர் அதைப் படித்துவிட்டுத் தன் கம்பிச் சுருளை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். அவருடைய உரிமத்தைக் கொடுப்பது அதே வாரியம். அன்று முதல் அவர் வேலைக்கு வருவதை விட்டுவிட்டு, வேடிக்கைக்கு வரத் தொடங்கினார்.

முதலில் வந்தவர் கள ஆய்வாளர். கூட ஒருவர் வந்து தெருவில் இருந்த குழியின் இரும்பு மூடியைத் திறந்து, அதன் பக்கத்தில் ஒரு சிறு பலகையைப் போட்டு உட்கார்ந்தார். இவர் குழிக்காரர். உட்காருவதும் பார்ப்பதும் சொல்வதும் இவர் வேலை.

கள ஆய்வாளர் குளியலறைக்குள் வந்தார். கணுக்கால் அளவு தண்ணீரில் நின்றபடி, "தண்ணி நிக்குதுன்னு எழுதியிருக்கீங்க" என்றார்.

"ஆமாங்க. நீங்க நின்னுக்கிட்டு இருக்கீங்களே, அதுதான்."

"அது நீங்க சொல்றது" என்று அவர் பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டுப் பையிலிருந்து ஒரு மஞ்சள் உருண்டையை எடுத்தார். எலுமிச்சம்பழ அளவு, கெட்டி ரப்பர், தண்ணீரில் மூழ்கும். மேலே ஒரு சின்னப் பித்தளை வளையம். வயிற்றைச் சுற்றி 'கள ஆய்வாளர்' என்று வெள்ளை எழுத்து.

"இதை உள்ள போடுவேன். தெருக் குழியில வந்துச்சுன்னா அடைப்பு இல்ல. வரலைன்னா அடைப்பு. விஞ்ஞானம்."

போட்டார். உருண்டை முழுகிப் போனது. இருவரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். சற்று நேரம் கழித்துத் தெருவிலிருந்து குரல் வந்தது.

"உருண்டை வரலைங்க."

கள ஆய்வாளரின் முகம் மலர்ந்தது. "அடைப்பு இருக்கு."

"அதைத்தானே நானும் சொன்னேன்."

"நீங்க சொன்னது தண்ணி நிக்குதுன்னு."

கண்ணாடிக்காரர் இதை மனதுக்குள் இரண்டு முறை சரிபார்த்துக்கொண்டு, அந்த உருண்டை எப்படி வெளியே வரும் என்று கேட்டார். கேள்வியைக் கள ஆய்வாளர் ரசித்தார். "வாரியத்தோட வரலாத்துலயே ஒரே ஒரு தடவைதான் உருண்டை வெளிய வந்திருக்கு. ரொம்ப வருஷம் முன்ன. அதைப் பயிற்சியில தனிப் பாடமா வெச்சிருக்காங்க. மத்தபடி எங்க உருண்டைங்க உள்ளதான் இருக்கும். பத்திரமா."

"சரி, எப்ப சரி பண்ணுவீங்க?"

"சார், நான் கீழ்மட்டம். என் உருண்டையை வெச்சு ஒரு தெருவைத் தோண்ட முடியுமா? உதவிப் பொறியாளர் வரணும். அவர் உருண்டையும் வராம இருக்கணும்."

அதுவரை தேங்கிய தண்ணீர் ஒரு மணி நேரத்தில் மெல்ல வடிந்துவிடும். அன்று வடிவதற்கு மாலை ஆகிவிட்டது.

"என்னங்க, அவர் போட்டுட்டுப் போனதுதான் இப்ப அடைச்சுக்கிட்டு இருக்கோ" என்று மனைவி கேட்டார்.

"வாரியத்து ஆளுங்க. தெரியாமயா போடுவாங்க" என்றார் கண்ணாடிக்காரர்.

"தெரியாமதான் போடுவாங்க. தெரிஞ்சவன் எவன் வடிகால்ல போய் உருண்டையைப் போடுவான்."

உதவிப் பொறியாளர் இரண்டு உதவியாளர்களோடு வந்தார். அவருடைய உருண்டை பெரிய கோழிமுட்டையை உருட்டிச் செய்ததுபோல இருந்தது.

"இது அதைவிடப் பெரிசா இருக்கே" என்றார் கண்ணாடிக்காரர்.

"இருக்கணும். சின்ன உருண்டை சின்னச் சந்து கிடைச்சாக்கூட நழுவிடும். பொறுப்புல இருக்கிறவங்க உருண்டை அப்படி நழுவக் கூடாது. பதவி உயர உயர உருண்டையும் பெரிசாகும்."

"பெரிய உருண்டை, நல்ல குழாய்லகூட மாட்டிக்குமே சார்?"

உதவிப் பொறியாளர் உருண்டையைக் கையில் உருட்டிக்கொண்டே சொன்னார். "மேலதிகாரிங்க வந்து பாக்குற அளவுக்கு உள்ள குழாய்ல ஏதோ கோளாறு இருக்குன்னுதானே அர்த்தம்."

உருண்டையைப் போட்டார். தெருவிலிருந்து, "வரலைங்க." உதவியாளர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையசைத்துக்கொண்டார்கள். கூடத்தில் உட்கார்ந்திருந்த குழாய்க்காரர், "கம்பீரமா போச்சுங்க, சத்தமே தனி" என்று பாராட்டினார். அவருக்கும் தேநீர் கொடுக்க வேண்டியதாயிற்று.

மறுநாள் பொழுது விடிந்தும் தண்ணீர் வடியவில்லை. வீட்டில் எல்லோரும் மேல்மாடியில் வாளியில் தண்ணீர் கொண்டுபோய்க் குளித்தார்கள். அக்கா மருத்துவமனையிலிருந்து தொலைபேசியில் கூப்பிட்டார். கண்ணாடிக்காரர் போனைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்துக்கொண்டார்.

"என்னடா தம்பி, வேலை முடிஞ்சுதா?"

"நடக்குது அக்கா. ரெண்டு பேர் வந்துட்டுப் போயிட்டாங்க."

"வந்து?"

"அடைப்பு இருக்குன்னு சொல்லிட்டாங்க."

மறுமுனையில் அக்கா விட்ட பெருமூச்சு கூடம் முழுக்கக் கேட்டது.

"நான் இங்க தத்தித் தத்தி நடந்துட்டேன்டா. குனிய மட்டும் கூடாதாம். கீழ விழுந்ததை எடுக்கன்னு நீளமா ஒரு கொக்கிக் கோல் குடுத்திருக்காங்க. பக்கத்துக் கட்டில் அம்மாவோட கண்ணாடியை அதுல எடுத்து எடுத்துக் குடுக்கிறேன். அவங்களும் வேணும்னே கீழ போடுறாங்கன்னு நினைக்கிறேன், எல்லாருக்கும் பொழுது போகணுமே. கட்டில் வேணும்னு இங்க அவசரப்படுத்துறாங்க. சீக்கிரம் பாருடா."

கண்ணாடிக்காரர் அந்த வாரம் கடையில் ஒருவருக்கு இடக் கண்ணுக்குரிய வில்லையை வலக் கண்ணில் போட்டுவிட்டார். அவர் பணிக்காலத்தில் அது முதல் தவறு.

மூன்றாவதாகக் கோட்டப் பொறியாளர் வந்தார். ஆரஞ்சுப்பழ அளவு உருண்டை; அதைத் தூக்க ஓர் ஆள். தூக்கி வந்தவர் அதை மெத்தென்ற துணியில் சுற்றி வைத்திருந்தார். கோட்டப் பொறியாளர் பேச விரும்புகிறவர். அவரிடம் கண்ணாடிக்காரர் நெடுநாள் சந்தேகம் ஒன்றைக் கேட்டார்.

"சார், எல்லா உருண்டையிலும் மேல ஒரு வளையம் இருக்கே. அது எதுக்கு?"

"நல்ல கேள்வி. அந்தக் காலத்துல அந்த வளையத்துல நூல் கட்டி உள்ள விடுவாங்க. உருண்டை வெளிய வரலைன்னா நூலைப் புடிச்சு மேல இழுத்துடுவாங்க." கோட்டப் பொறியாளர் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். "இதுல இருந்த ஓட்டையைப் பாருங்க. இழுத்துட்டா, சோதனை நடந்ததுக்கு என்ன அடையாளம்? ஒண்ணும் மிஞ்சாது. அது போக, நூல் வாங்க ஒருத்தர், நூல்கண்டு வைக்க ஒரு அறை, சிக்கு எடுக்க ரெண்டு பேர். நான் இந்தப் பொறுப்புக்கு வந்து செஞ்ச முதல் சீர்திருத்தமே நூலை நிறுத்தினதுதான். அந்த வருஷம் சிக்கனத்துக்கு வாரியத்துக்குக் கேடயம் குடுத்தாங்க."

"வளையத்தை மட்டும் ஏன் விட்டீங்க?"

"வளையம் உருண்டைப் பிரிவு. நான் நூலுக்குத்தான் பொறுப்பு. அடுத்தவங்க வேலையில நான் தலையிட மாட்டேன்."

ஆரஞ்சுப்பழம் உள்ளே போனது. "வரலைங்க" என்றது தெரு. அதன்பிறகு அந்தக் குளியலறையில் ஒரு குவளை தண்ணீர் ஊற்றினால் ஒரு குவளை தண்ணீரும் அப்படியே நின்றது. கண்ணாடிக்காரர் பொறுமையாக இதைச் சுட்டிக்காட்டினார். முதலில் ஒரு மணி நேரத்தில் வடிந்தது, பிறகு அரை நாள், இப்போது வடிவதே இல்லை.

"பாத்தீங்களா?" என்றார் கோட்டப் பொறியாளர், மிகுந்த திருப்தியுடன். "நாங்க வர வர அடைப்பு தெளிவாகிட்டே வருது."

இனித் தலைமைப் பொறியாளர் ஒருவர்தான் பாக்கி. அவர் உருண்டையும் வராவிட்டால் அடைப்பு முழு உண்மையாகிவிடும், உடனே தோண்டலாம் என்று சொன்னார்கள். தலைமைப் பொறியாளர் உருண்டை போட வருவது பல வருடங்களுக்கு ஒரு முறை. பெரும்பாலான வீட்டுக்காரர்கள் இரண்டாவது உருண்டையிலேயே மனம் தளர்ந்து வீட்டை விற்றுவிடுவதால், இவ்வளவு தூரம் வந்த வடிகால் இந்தக் கோட்டத்தில் இதுதான் என்று கள ஆய்வாளர் பெருமையோடு சொன்னார். அண்டை அயலார் கண்ணாடிக்காரரைக் கொஞ்சம் மரியாதையாகப் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள்.

தலைமைப் பொறியாளர் வரும் நாள் குறிக்கப்பட்டது. அதே நாள் காலையில் மருத்துவமனையிலிருந்தும் அழைப்பு வந்தது. கட்டில் வேண்டியிருக்கிறது, அக்காவை இன்றே அனுப்புகிறோம், நடை பழக்கும் பெண் கூட வந்து குளியலறையைப் பார்ப்பார், சரியில்லை என்றால் அதே வண்டியில் தேறுதல் இல்லம்.

"இன்னைக்கு வேணாம்னு சொல்லுங்களேன்" என்றார் மனைவி.

"யார்கிட்ட?"

"யார்கிட்டயாவது. ரெண்டு பக்கமும் தலையாட்டிட்டு வந்து நிக்கிறீங்க."

தலைமைப் பொறியாளர் வந்தபோது கூடத்தில் உட்கார இடமில்லை. கோட்டப் பொறியாளர், உதவிப் பொறியாளர், கள ஆய்வாளர், அவரவர் உதவியாளர்கள், குழாய்க்காரர். தெருவில் குழிக்காரர் அன்று புதுச் சட்டை போட்டிருந்தார். தலைமைப் பொறியாளரின் உருண்டை ஒரு சிறு தட்டில் வந்தது. நல்ல தேங்காய் அளவு. கண்ணாடிக்காரர் அதைப் பார்த்தார், வடிகால் வாயைப் பார்த்தார், மறுபடி உருண்டையைப் பார்த்தார்.

"சார், அது உள்ள போகாதே" என்றார்.

யாரும் காதில் வாங்கவில்லை. தலைமைப் பொறியாளர் தண்ணீருக்கு மேல் போட்டிருந்த பலகையில் நடந்து சென்று, இரண்டு கையாலும் உருண்டையை வாங்கி, வடிகால் வாயில் வைத்தார். அது மூடி போல உட்கார்ந்துகொண்டது. அவர் லேசாக அழுத்தினார். அசையவில்லை. நிமிர்ந்தார்.

தெருவிலிருந்து குழிக்காரர், பழக்கதோஷத்தில், கேட்பதற்கு முன்னாலேயே சொன்னார்: "வரலைங்க."

கைத்தட்டல் எழுந்தது. தலைமைப் பொறியாளர் கூடத்துக்கு வந்து பேசினார்.

"நம்ம உருண்டை இதுவரைக்கும் உள்ள போய் வராம இருந்திருக்கு. இன்னைக்குத்தான் உள்ளயே போகாம வராம இருந்திருக்கு. அடைப்பு எவ்வளவு முத்தியிருந்தா, வாரியத்தோட தலைமையையே உள்ள விடாது? இதைக் கண்டுபிடிக்க இத்தனை பேரோட உழைப்பு வேண்டியிருந்துச்சு. சாதாரண ஆளுங்க வந்திருந்தா என்ன செஞ்சிருப்பாங்க? குடைஞ்சு எடுத்து, தண்ணியைப் போக விட்டிருப்பாங்க. அதோட அந்த அடைப்பைப் பத்தி நமக்கு ஒண்ணுமே தெரியாம போயிருக்கும். நாம அவசரப்படலை. வாரியம் என்னைக்கும் அவசரப்பட்டதில்ல. இனிமே தோண்டுறதைப் பத்தி யோசிக்க ஒரு குழு போடலாம்னு..."

அந்த நேரம் வாசலில் வண்டி வந்து நின்றது. நடைச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, தோளில் கொக்கிக் கோல் தொங்க, அக்கா உள்ளே வந்தார். பின்னால் நடை பழக்கும் பெண்.

"இவ்வளவு பேரா என்னைப் பாக்க வந்திருக்கீங்க?" என்றார் அக்கா. தலைமைப் பொறியாளரின் பேச்சு அதில் அமுங்கிப்போனது.

நடை பழக்கும் பெண் குளியலறைக் கதவைத் தள்ளிப் பார்த்தார். தண்ணீரையும் பலகையையும் மஞ்சள் தேங்காயையும் பார்த்தார்.

"இதாங்க குளியலறையா? மன்னிச்சுக்குங்க. வண்டியைப் போகச் சொல்லலை இன்னும். அம்மாவைத் தேறுதல் இல்லத்துக்கே கூட்டிட்டுப் போறேன்."

கண்ணாடிக்காரர் வாரியத்தின் பக்கம் ஒருமுறை, நடை பழக்கும் பெண்ணின் பக்கம் ஒருமுறை திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

"இரும்மா" என்றார் அக்கா. "எங்க வேணா போகலாம். முதல்ல நான் உள்ள போகணும். காலையில கிளப்பினதுல இருந்து அடக்கிட்டு இருக்கேன்."

"அம்மா, உள்ள சோதனை நடக்குது" என்றார் தலைமைப் பொறியாளர்.

"எனக்கும்தான்."

மனைவி ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்க் குளியலறையில் போட்டார். அக்கா அதில் உட்கார்ந்து, கொக்கிக் கோலை நீட்டி, தேங்காயின் வளையத்தில் மாட்டித் தூக்கினார். வடிகால் வாயைவிட்டு அது 'பொளக்' என்று எழுந்தது.

"அம்மா, அதை யாரும் தொடக் கூடாது" என்றார் கள ஆய்வாளர்.

"நான் எங்க தொட்டேன்? கோல்தான் தொடுது." அக்கா உருண்டையை முகத்துக்கு நேரே கொண்டுவந்தார். "தம்பி, என் கண்ணாடியைக் குடு. என்னமோ எழுதியிருக்கு."

கண்ணாடிக்காரர் தன் தொழில் பழக்கத்தை விடாதவர். துடைத்துக் கொடுத்தார். அக்கா படித்தார். படித்ததும் பழைய குரல் தானாக வந்துவிட்டது.

"தலைமைப் பொறியாளர், வந்து சேர்ந்தது."

அதைத் தம்பியின் கையில் கொடுத்துவிட்டுக் கோலைத் தண்ணீருக்குள் விட்டுத் துழாவினார். வடிகால் வாய்க்குக் கீழே குழாய் ஒரு முழம் நேராக இறங்கித்தான் வளையும். உருண்டைகள் எல்லாம் அந்த வளைவின் மேல் ஒன்றன்மேல் ஒன்றாக, பதவி வரிசை பிசகாமல் உட்கார்ந்திருந்தன. வளையங்கள் ஒவ்வொன்றாக மாட்டின.

"கோட்டப் பொறியாளர், தாமதமாக வந்து சேர்ந்தது. உதவிப் பொறியாளர், வந்து சேர்ந்தது. கள ஆய்வாளர், கடைசியில் வந்து சேர்ந்தது."

கூடத்தில் அவரவர் பெயர் வந்தபோது அவரவர் எழுந்து நின்றார்கள். அது அந்தக் குரலின் சக்தி. குழாய்க்காரர் வாயில் கையை வைத்துக்கொண்டார்.

தண்ணீர் மட்டும் போகவில்லை. அக்கா கோலை இன்னும் கொஞ்சம் இறக்கினார். "இன்னும் ஒரு வண்டி இருக்கு" என்றார். இழுத்தார். வரவில்லை. மூச்சைப் பிடித்து இழுத்தார். பெரிய தலைமுடிக் கொத்து ஒன்று, நீண்ட சவுரி போல, சொட்டச் சொட்ட மேலே வந்தது. அதன் நடுவில் எலுமிச்சம்பழ அளவில் ஏதோ கெட்டியாக இருந்தது. மனைவி முடியை வழித்து எடுத்தார். சாயம் போன உருண்டை. வளையத்தில் இற்றுப்போன நூல் துண்டு தொங்கியது.

அவர்கள் பின்னால் வடிகால் ஒருமுறை ஏப்பம் விட்டது. பிறகு தண்ணீர் சுழித்துக்கொண்டு இறங்கத் தொடங்கியது.

அதை வாரியத்தில் யாரும் பார்க்கவில்லை. எல்லோரும் பழைய உருண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தலைமைப் பொறியாளர் கைக்குட்டையை எடுத்து அதைத் துடைத்தார். ஓர் எண் தெரிந்தது. அவர் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"இது என்னுது. நான் கள ஆய்வாளரா சேர்ந்தப்ப குடுத்த முதல் உருண்டை. இதே வீடுதான், அப்ப வேற யாரோ இருந்தாங்க. நூல் அறுந்துடுச்சு. என்ன பண்றதுன்னு தெரியலை, புதுசு வேற. வெளிய வந்துடுச்சுன்னு எழுதிக் குடுத்துட்டேன்." அவர் சுற்றிலும் பார்த்தார். "வாரிய வரலாத்துலயே உருண்டை வெளிய வந்த ஒரே சோதனை. அதுலதான் எனக்கு முதல் பதவி உயர்வு."

கள ஆய்வாளரின் கண்கள் கலங்கின. பாடத்தில் படித்ததை நேரில் பார்க்கும் பேறு எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

அக்கா தன் இடுப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "அப்போ நான் வழுக்கி விழுந்தது உங்க பதவி உயர்வு மேலயா?"

தலைமைப் பொறியாளர் யோசித்தார். "ஒரு விதத்துல அப்படியும் சொல்லலாம்மா" என்றார், அடக்கமாக.

தெருவிலிருந்து குழிக்காரரின் குரல், வழக்கத்துக்கு மாறாகப் பதறிக்கொண்டு வந்தது. "சார், தண்ணி வருது."



"உருண்டை?" என்று கேட்டார் கோட்டப் பொறியாளர்.

"உருண்டை வரலைங்க. தண்ணி மட்டும்தான்."

கோட்டப் பொறியாளர் தலைமைப் பொறியாளரைப் பார்த்தார். தலைமைப் பொறியாளர் கைக்குட்டையை மடித்து வைத்தார். "உருண்டை வரலைன்னா அடைப்பு இருக்கு" என்றார்.

கண்ணாடிக்காரர் அவரைக் கதவருகே அழைத்துப்போனார். குளியலறைத் தரை ஓரங்களில் காயத் தொடங்கியிருந்தது. வருடக்கணக்கில் யாரும் பார்த்திராத தரையின் நிறம் வெளியே வந்திருந்தது. கடையில் கேட்கும் அதே குரலில், அவசரமில்லாமல், அவர் கேட்டார்.

"சார், நல்லா பாத்துச் சொல்லுங்க. இது தெளிவா இருக்கா, முன்ன இருந்தது தெளிவா இருந்துச்சா?"

"தெளிவுங்கிறது சோதனைக்கு அப்புறம்தான் வரும்" என்றார் தலைமைப் பொறியாளர். "உருண்டைங்களை எல்லாம் வெளிய எடுத்துட்டதால பழைய சோதனை செல்லாது. முதல்ல இருந்து ஆரம்பிக்கணும். எல்லாரும் வந்திருக்கோம், நல்லதா போச்சு. இன்னைக்கே முடிச்சிடலாம்."

அவரவர் உருண்டை அவரவரிடம் போனது. கள ஆய்வாளர் எலுமிச்சம்பழத்தைச் சட்டையில் துடைத்துக்கொண்டு குளியலறை வாசற்படியில் நின்றார். அவருக்குப் பின்னால் உதவிப் பொறியாளர், கோட்டப் பொறியாளர், தலைமைப் பொறியாளர். தலைமைப் பொறியாளர் இரண்டு உருண்டைகள் வைத்திருந்தார், ஒன்று நெஞ்சோடு.

நடை பழக்கும் பெண் இவர்களை எல்லாம் விலக்கிக்கொண்டு உள்ளே போனார். ஒரு வாளி தண்ணீரை ஊற்றினார். போனது. இன்னொரு வாளி ஊற்றினார். அதுவும் போனது. அவருடைய சோதனை அவ்வளவுதான். வெளியே வந்து ஓட்டுநரிடம், "நீங்க கிளம்புங்க அண்ணே, அம்மா இங்கதான்" என்றார்.

கள ஆய்வாளர் ஒரு காலை உள்ளே எடுத்து வைத்தார்.

"அண்ணி" என்றார் வெளியே வந்துவிட்ட மனைவி, உள்ளே நாற்காலியில் இருந்த அக்காவிடம் சாதாரணமாக, "தாழ்ப்பாள் உங்க கைக்கு எட்டுதா?"

எட்டவில்லை. கொக்கிக் கோலுக்கு எட்டியது. கதவு கள ஆய்வாளரின் மூக்குக்கு முன்னால் சாத்திக்கொண்டது, தாழ்ப்பாள் விழுந்தது. சிவப்பு வில்லை பாதி பிய்ந்து தொங்கியது.

வரிசை அப்படியே நின்றது. யாரும் இடத்தை விடவில்லை. இடத்தை விட்டால் பதவி வரிசை கலைந்துவிடும்.

கொஞ்ச நேரம் கழித்துக் கதவுக்கு உள்ளிருந்து, ஒலிபெருக்கி எதுவும் இல்லாமல், தெருக்கோடி வரை கேட்கும்படி அறிவிப்பு வந்தது.

"கனிவான கவனத்திற்கு. இந்தக் குளியலறை வழியாகச் செல்ல வேண்டிய உருண்டைகள் அனைத்தும் மறு அறிவிப்பு வரும்வரை ரத்து செய்யப்படுகின்றன. உள்ளே ஆள் இருக்கிறது."

பிறகு தண்ணீர் ஊற்றும் சத்தம். அது தடையில்லாமல் குழாய்க்குள் இறங்கி, வாசலைத் தாண்டி, தெருவுக்கு அடியில் ஓடும் சத்தம். கண்ணாடிக்காரர் சுவரில் காதை வைத்து அதை இரண்டு முறை சரிபார்த்துக்கொண்டார்.

"தண்ணி வருதுங்க" என்றார் குழிக்காரர் தெருவிலிருந்து. கொஞ்சம் விட்டு, கடமை தவறாத குரலில் சேர்த்துக்கொண்டார்:

"உருண்டை வரலை."